நடுவில் பத்தடி மண்

எங்கள் அக்கா மறைந்து இந்தச் சித்திரையோடு ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இன்று வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர இயலாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களுக்கும் என் வணக்கம். உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன் என்பதால் இக்கட்டுரையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அக்காவின் வாழ்க்கையைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளத்தில், மதகை நேரத்தோடு மூடாமல் விட்டு, தம் நிலத்தையும் பிறர் நிலத்தையும் கெடுத்தவர் அக்கா என்று உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

அக்கா பிறந்தது புதுச்சேரியில், வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடல் சத்தம் கேட்கும் ஒரு வீட்டில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். தெருவில் எல்லோரும் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் அழைப்பார்கள். எனக்கும் அக்காவுக்கும் ஐந்து வயது வித்தியாசம். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். அம்மா நோயில் படுத்ததும் பள்ளியை விட்டு நின்று, என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார். படித்ததில் எண்கள் மட்டும் அவர் நாக்கில் பிரெஞ்சிலேயே தங்கிவிட்டன. என் தலையில் தண்ணீர் ஊற்றும்போது "அன், தெ, த்ருவா" என்று சொம்புகளை எண்ணுவார். பத்துக்கு மேல் ஒரு சொம்பு கிடையாது. கிணற்றில் இறைப்பவரும் அவர்தானே.

பத்தொன்பது வயதில் அவரை அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். செஞ்சி மலைகளுக்கு மேற்கே, பேருந்து வந்து நின்று திரும்பிப் போகும் ஊர் அது. ஏரி கிடையாது. கிணறுகளில் பாறைதான் தெரியும். கடலைப் பார்த்து வளர்ந்த பெண்ணை இப்படி ஒரு காட்டில் கொடுத்துவிட்டோமே என்று அப்பா கடைசி வரை வருந்தினார். அக்கா வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

"தண்ணி இல்லன்னு யாருப்பா சொன்னது? வருஷத்துல நாலு நாளு வருது. வந்தா ஊரையே தூக்கிட்டுப் போற மாதிரி வருது. மத்த நாளு அத எப்படிப் புடிச்சி வெச்சோம்னு பேசினே காலம் போவுது" என்று முதல் தீபாவளிக்கு வந்தபோதே சொன்னார்.

அந்த ஊர் விவசாயம் நம்மில் பலருக்குத் தெரியாது. மேற்கே மலையில் மழை கொட்டினால், காய்ந்து கிடக்கும் ஓடையில் சிறிது நேரத்தில் செந்நிற வெள்ளம் பாய்ந்து வரும். சில மணி நேரம் ஓடும். பிறகு மறுபடியும் மணல்தான். அந்தச் சில மணி நேரத்துக்குள் அதை வயலுக்குள் திருப்பியாக வேண்டும். அதற்காக ஓடையின் குறுக்கே கருவேலங்கிளை, நொச்சித்தழை, கல், மண் எல்லாம் வைத்து ஓர் அணை போடுவார்கள். அதற்குக் கொறம்பு என்று பெயர். கொறம்பு திருப்பிவிடும் வெள்ளம் கால்வாய் வழியாக முதல் வயலில் நிறையும். முழங்கால் அளவு நின்றதும் வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கு விடுவார்கள். மண் குடித்து வைத்துக்கொண்ட ஈரத்திலேயே கம்பும் எள்ளும் கொள்ளும் விளையும். விதைத்த பிறகு ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் விளையும்.

ஓடையின் மேற்பக்க நிலங்களை மேல்காடு என்பார்கள். அக்காவின் இரண்டு ஏக்கர் அங்கேதான். கீழே இறங்கினால் கீழ்க்காடு. அவர்களுக்குத் தனிக் கொறம்பு. சின்ன வெள்ளம் வந்தால் மேல்காடு குடிக்கும். பெரிய வெள்ளம் வந்தால் மேல்காட்டுக் கொறம்பு உடையும்; நீர் கீழே போகும். உடைந்ததை உடனே கட்டக் கூடாது. கீழ்க்காடு குடித்து முடித்த பிறகு, இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து கட்டுவார்கள். எழுதி வைக்காத சட்டம். யாரும் அதை மீறியதில்லை.

கொறம்பு கட்டும் நாட்களில் ஆண்கள் கிளையும் கல்லும் அடுக்க, பெண்கள் மண் கூடை சுமப்பார்கள். அங்கேயும் அக்கா பிரெஞ்சில்தான் கூடைகளை எண்ணினார். கீழ்க்காட்டு முனுசாமிக்கு அது தீராத வேடிக்கை. அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். சொந்தத் தம்பியைப் போல அவரைச் சுற்றி வருவார்.

"ஏங்க்கா, உங்க பாண்டிச்சேரி கணக்குல பத்து வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும் போல இருக்குதே?"

"உன் கூடையில பாதி காத்துதான்டா முனுசாமி. அத எண்றதுக்கு எந்த பாஷையிலயும் கணக்கு கெடையாது."

கொஞ்ச காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் "அன், தெ, த்ருவா, காத்ர்" என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அது என்ன மொழி என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மண் கூடைக்கு அதுதான் கணக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாமா நாற்பது வயதில் காலமானார். பிள்ளைகள் இல்லை. அக்கா ஊரை விட்டு வரவில்லை. நான் அப்போது பிரான்சில் பொறியியல் முடித்து, செங்கடல் ஓரத்து வறண்ட நாடுகளில் பாசன வேலைகளில் இருந்தேன். விந்தை என்னவென்றால், அங்கும் மக்கள் இதே வெள்ளத்தை நம்பித்தான் பயிர் செய்தார்கள். இதே போல் மண்ணும் கிளையும் வைத்து அணை போட்டார்கள். அவற்றை அகற்றி காங்கிரீட் சுவர் எழுப்புவது என் தொழில். என் அறிக்கைகளில் அந்த மண் அணைகளைத் 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவேன்.

அக்கா எனக்குக் கடிதம் எழுதுவார். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கும். வரப்பை வெட்டி நீரை இறக்கும் இடத்தில் பள்ளம் விழுகிறதே, அங்கே நாலு கல் பதித்துப் படி மாதிரி கட்டலாமா? வெள்ளம் வடிந்து கால் புதையாத அளவுக்கு வந்ததுமே மேலாக உழுதால் ஈரம் அதிக நாள் நிற்கிறது. ஏர் மாட்டுக்குக் காத்திருந்து ஒரு வாரம் போய்விடுகிறது. எல்லோருக்குமாக ஒரு டிராக்டரை முறை வைத்து ஓட்டலாமா? ஊருக்குப் போன் வந்த பிறகு, மலையில் ஆடு மேய்ப்பவர் மழை பெய்ததும் கூப்பிட்டுச் சொன்னால் அரை மணி நேரம் முன்னதாகவே தயாராகலாமே? உன் நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள், விசாரித்து எழுது என்பார். நான் எழுதிய பதில்களில் என் வேலையைப் பற்றிய பெருமையும் சில புகைப்படங்களும் இருந்தன. அவர் கேட்டதற்கு விடை எழுதியதில்லை. இன்று நினைக்கும்போது, அந்த விவசாயத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த விமானத் தபால் கடிதங்களில் இருந்திருக்கிறது.

ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு ஓர் ஐப்பசியில் அக்காவைப் பார்க்கப் போனேன். அந்தப் பருவத்தில் மூன்றாவது முறையாகக் கொறம்பு உடைந்து, கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபதை நெருங்கிய அக்கா தலையில் கூடையோடு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"வருஷத்துக்கு மூணு தடவ உடையறதுக்குப் பேரு அணையா அக்கா?"

"உடையட்டும்னுதான்டா கட்டறோம். உடையலன்னா எங்க கதி என்னாவறது?"

நான் சிரித்தேன். அறியாமை என்று நினைத்தேன். என் செலவில் ஒரு காங்கிரீட் சுவர் கட்டித் தருகிறேன், இனி நீங்கள் கூடை சுமக்க வேண்டாம் என்றேன். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கட்டு. ஆனா நடுவுல ஒரு பத்தடி மண்ணா உடு. ரெண்டு பக்கமும் உன் சிமெண்டு நிக்கட்டும். பெரிய தண்ணி வந்தா அந்த நடு மண்ணு மட்டும் போவட்டும். நாங்க பத்தடி அடைச்சா போதும்ல?"

"பாதியில விட்ட மாதிரி இருக்கும் அக்கா. பாக்கறவன் சிரிப்பான்."

"யாருடா பாக்கப் போறாங்க? ஆடுதான் பாக்கும். அது சிரிக்காது."

பத்தடி மண் விட நான் சம்மதிக்கவில்லை. என் பெயரில் நிற்கப்போகும் கடைசிச் சுவர் அது. அதில் மண் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கீழ்க்காட்டார் தயங்கினார்கள். சுவர் உடையாதே, எங்களுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று முனுசாமி கேட்டார். கால்வாய் வாயில் இரும்பு ஷட்டர் வைக்கிறேன், மேல்காடு குடித்ததும் அதை இறக்கினால் நீர் சுவருக்கு மேலே வழிந்து உங்களிடம் வரும் என்றேன். அக்கா முன்னால் வந்து, "எந்தம்பி படிச்சவன். அவனுக்கு நான் பொறுப்பு. ஷட்டருக்கும் நான் பொறுப்பு" என்றார். வெள்ளம் தானே செய்துகொண்டிருந்த பங்கீட்டை நான் ஒரு கிழவியின் கையில் கொடுத்துவிட்டேன்.

முதல் ஆண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சுவரின் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டேன். உங்களில் சிலருக்கு அதை அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு, ஒரு பிற்பகலில் பெரிய வெள்ளம் வந்தது. பழைய கொறம்பாக இருந்திருந்தால் முதல் அடியிலேயே போயிருக்கும். என் சுவர் அசையவில்லை. அக்கா இரைச்சல் கேட்டு ஓடி, ஷட்டரின் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார். அது பாதியில் நின்றுவிட்டது. உள்ளங்கைத் தோல் உரியும் வரை சுற்றியிருக்கிறார். வெள்ளம் முழுவதும் கால்வாய்க்குள் திரும்பி, வரப்புகளை உடைத்து, மேல்காட்டு வயல்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு, ஓடைக்குத் திரும்பாமல் வேறு பள்ளத்தில் இறங்கிப் போனது. அக்காவின் இரண்டு ஏக்கரில் பாறையும் சரளைக் கல்லும் மிஞ்சின. கீழ்க்காட்டுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அந்தப் பருவத்தில் வேறு வெள்ளமும் வரவில்லை. அவர்கள் அந்த ஆண்டு விதைக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் போனேன். ஷட்டர் இறங்கும் பள்ளத்தில் கற்களும் ஒரு கருவேலங்கிளையும் இறுகிக் கிடந்தன. கல்லையும் கிளையையும் தடுக்க அதன் முன்னால் கம்பித் தடுப்பு வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. பார்த்த அந்த நிமிடத்திலேயே தவறு என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். அக்கா கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றார்.

"செவுரு நல்லாத்தான் நிக்குது அய்யா. அப்பறம் ஏன் இப்படி ஆச்சி?" என்று முனுசாமி கேட்டார்.

"ஷட்டரை நேரத்தோட இறக்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஆமா. நான்தான் வர லேட்டாயிடுச்சி" என்றார்.

முனுசாமி திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அவர் அக்காவோடு பேசவில்லை.

அடுத்த தையில் அக்காவைப் புதுச்சேரிக்கு அழைத்து வந்தேன். வயதாகிவிட்டது, தனியாக இருக்க முடியவில்லை என்று உங்களிடம் சொன்னோம். எங்கள் வீட்டு மாடியறையில், மேற்கே பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. நெத்திலி வாங்கி வந்தால் தாமே ஆய்ந்து கொடுப்பார். மழைக்காலத்து மாலைகளில் மேற்கே மின்னினால் என்னைக் கூப்பிடுவார்: "மலையில பெய்யுதுடா." தெருவில் வெள்ளம் கடலை நோக்கி ஓடும்போது வாசலில் நின்று, "எம்மாம் தண்ணி! ஒருத்தனாவது திருப்பறானா பாரு" என்பார். ஐப்பசியில் ஊரில் பழைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டு, "தண்ணி வந்துச்சா? கீழ்க்காட்டுக்குப் போச்சா?" என்று கேட்பார். முனுசாமியைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். காப்பித் தம்ளரை என்னிடம் நீட்டும்போது வலது உள்ளங்கையில் அந்த வடு தெரியும். நான் தம்ளரைப் பார்த்து வாங்கிக்கொள்வேன்.

"ஒரே ஒரு வாட்டி கூட்டிட்டுப் போடா. நெலத்த பாத்துட்டு உடனே வந்துடலாம்" என்று எத்தனையோ முறை கேட்டார். உன் முட்டி தாங்காது என்றேன். ரோடு சரியில்லை என்றேன். கார் பழுது என்றேன். ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரம். அந்த மக்களின் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காக, அவர் தம் நிலத்தைப் பார்க்காமலே போகும்படி செய்தேன். இந்த மலரில் நான் எழுதுவதில் இந்த வரிதான் எழுதக் கடினமாக இருந்தது.

சென்ற ஆண்டு பங்குனி முடிவில் மூச்சுத் திணறல் வந்து, கதிர்காமத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு மாலை கோடை மழைக்கு இடி இடித்தது. அக்கா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். அப்போதுதான் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அன்னைக்கு ஷட்டர் மாட்டிக்கிச்சி. உன் மேல தப்பு இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அத ஏன்டா எங்கிட்ட சொல்ற? சுத்துனவ நானு, எனக்குத் தெரியாதா? முனுசாமிகிட்ட சொல்லு."

பிறகு, "பத்தடி போதும்டா" என்றார். மூன்றாம் நாள் காலையில் அக்கா காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் ஊருக்குப் போனேன். என் சுவர் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. கால்வாய் வாயைக் கல் போட்டு அடைத்திருந்தார்கள். மேல்காட்டில் முள்தான் இருந்தது. முனுசாமிக்கு இப்போது நடக்கக் கோல் வேண்டும். அவர் வீட்டு வாசலில் நின்று, நடந்தது முழுவதையும், அக்கா கேட்ட பத்தடியையும் சேர்த்து, நடந்தபடி சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா கையில சுத்தியிருந்த துணி ரத்தமா இருந்துச்சி, நான் பாத்தேன் அய்யா. அதப் பாத்துட்டும் நீங்க சொன்னத நம்பினேன். பன்னெண்டு வருஷம் ஒரு போன் பண்ணல" என்றார். பிறகு அவரே, "வாங்க, போயி அந்தப் பத்தடி எதுன்னு பாப்பம்" என்று கோலை எடுத்தார்.

ஆடியில் சுவரின் நடுவே பத்தடியை வெட்டி எடுத்தோம். இயந்திரம் ஓட்டி வந்தவர், "இம்மாம் நல்ல செவுத்த ஏன் சார் உடைக்கிறீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கறதாலதான் உடைக்கிறோம், நீ ஓட்டுப்பா" என்றார் முனுசாமி. அந்த இடத்தைக் கிளையும் மண்ணும் வைத்து அடைத்தோம். கால்வாய் வாயைத் திறந்து கம்பித் தடுப்பு வைத்தோம். நீர் இறங்கும் இடங்களில் கல் படி பதித்தோம். உழவுக்கு டிராக்டர் முறை வைத்தாயிற்று. மலையில் ஆடு மேய்ப்பவரின் போன் எண் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. அக்காவின் பழைய கடிதங்களை வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும்போது நான் எடுத்து வரவில்லை. நினைவில் இருந்ததைக் கொண்டு செய்தோம். விட்டுப்போனது எதுவும் இருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பன்னிரண்டு ஆண்டுகள் அக்காவைத் தம் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு, கடைசி நாட்களில் முகம் கோணாமல் பணிசெய்த செவிலியர்களுக்கு, காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சுவரை வெட்டிய அந்த ஓட்டுநருக்கும், மண் சுமந்த மேல்காட்டு, கீழ்க்காட்டுப் பெண்களுக்கும் அக்கா சார்பில் நன்றி. முனுசாமி இன்று நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வந்திருக்கிறார். என் பொய்யை நீங்கள் யாரிடமாவது திருப்பிச் சொல்லியிருந்தால், கேட்டவரிடம் இந்த மலரைக் காட்டுங்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை முனுசாமி போன் செய்தார். "அய்யா, மண்ணு போயிடுச்சி! செவுரு நிக்குது. மேல்காடு நெறைஞ்ச பொறவுதான் போச்சி. இப்ப எங்க பக்கம் தண்ணி வந்துனு இருக்குது." அக்காவின் நிலத்தில் சரளைக்கு மேலே நாலு விரல் வண்டல் படிந்திருப்பதாக அடுத்த வாரம் சொன்னார். விதைக்க இன்னும் சில வெள்ளம் வர வேண்டுமாம். நான் அதுவரை இருக்க ஆசைப்படுகிறேன்.

இரண்டாவது முறை பேசிய அந்த நாளில், கீழ்க்காடும் குடித்து முடித்து, கொறம்பை மறுபடி அடைத்துக்கொண்டிருந்தார்கள். "இத கேளுங்க" என்று முனுசாமி போனைத் தள்ளிப் பிடித்தார். கூடைகள் விழும் சத்தம். பெண்களின் குரல்கள். அன், தெ, த்ருவா, காத்ர். அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்று போனோடு எழுந்து மாடிக்கு ஓடினேன். இரண்டு படி ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அவர்கள் பத்து வரை எண்ணியதைக் கேட்டேன்.